ரொறன்ரோவில் பூர்வகுடி மூத்தோர் கட்டடத்தில் மதியச் சாப்பாடு தொடங்குவது எப்படி

நான் கொண்டுபோன புட்டும் கோழிக்கறியும் கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வந்தன. யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு கரண்டி போட்டுக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு, தங்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு அறைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் கட்டட அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது: "உங்களுக்கு யார் அனுமதி தந்தது?"

நான் ரொறன்ரோவில் பி.எஸ்.டபிள்யூ. (முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் உதவியாளர்) வேலை செய்கிறேன். நகரத்துக்குள் பூர்வகுடி மூத்தோர் வசிக்கும் ஒரு கட்டடத்துக்கு வேலையாகப் போய்ப் பழகி, அங்கே கிழமைக்கு ஒரு மதியச் சாப்பாடு தொடங்க ஆசைப்பட்டேன். அது ஒழுங்காக நடக்க எட்டு மாதம் எடுத்தது. தெரிந்தவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் மூன்று மாதத்தில் முடிந்திருக்கும். கோயிலிலோ தேவாலயத்திலோ அன்னதானம் செய்து பழகியவர்கள், தன்னார்வ மணித்தியாலம் தேடுகிற புதிதாக வந்தவர்கள், என்னைப் போலப் பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் என்று பலர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சட்ட விபரங்கள் ஒன்ராறியோவுக்கு உரியவை. வேறு மாகாணத்தில் இருந்தால் அங்குள்ள விதிகளைப் பாருங்கள்.

1. முதலில் அழைப்பு, பிறகு அரிசி

கட்டடம் யாருடையது என்று அறிந்துகொள்ளுங்கள். பூர்வகுடி மக்களுக்கென்று நடக்கும் குடியிருப்புகளைப் பெரும்பாலும் அவர்களுடைய சொந்த இலாப நோக்கற்ற நிறுவனங்களே நடத்துகின்றன. விக்வாமென் நிறுவனம் ரொறன்ரோவில் 1972இலிருந்து இருக்கிறது. ஸ்பதைனா வீதியில் நேட்டிவ் கனேடியன் சென்டர் என்ற பூர்வகுடிச் சமூக நிலையமும் அதற்குப் பக்கத்திலேயே விக்வாமெனின் மூத்தோர் கட்டடமும் உள்ளன. அந்த சென்டர் 1962இல் தொடங்கியது. முதல் வேலையாக இப்படியான ஒரு நிலையத்துக்குப் போய், பொது நிகழ்ச்சி ஒன்றில் கதிரை அடுக்கிக் கொடுங்கள். முகம் தெரிந்த பிறகு கேட்பதற்கும், முகம் தெரியாமல் மின்னஞ்சல் போடுவதற்கும் இரண்டு மாத வித்தியாசம் இருக்கிறது.

கட்டடத்துக்குள் நீங்கள் கதைக்க வேண்டியவர்கள் மூன்று பேர்: கட்டட முகாமையாளர், குடியிருப்போருக்கு உதவும் பணியாளர், குடியிருப்போர் குழுவில் ஒருவர். நான் முகாமையாளரிடம் மட்டும் போனேன். அவர் தலையாட்டினார், குடியிருப்போர் தலையாட்டவில்லை. "எங்களைக் கேட்காமல் எங்களுக்குச் சமைக்க எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள்" என்று ஓர் ஆன்ட்டி பிறகு என்னிடம் சொன்னார். அங்கே எல்லோரும் மூத்தவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் நீங்களாகத் தொடங்காதீர்கள். ஒருவர் சொல்லித்தந்த பிறகு கூப்பிடுங்கள்.

இன்னொன்று. "எல்டர்" என்ற சொல் வயதானவர் எல்லோரையும் குறிக்காது. சமூகம் அறிவுக்காகவும் நடத்தைக்காகவும் ஏற்றுக்கொண்டவரையே அப்படிச் சொல்வார்கள். 80 வயதுக்காரர் எல்டராக இல்லாமலும் இருக்கலாம். வயதானவர்களுக்குப் பொதுவாக "சீனியர்" என்று சொல்லிவிட்டால் பிழை வராது. இந்தக் கட்டுரையில் நான் "மூத்தோர்" என்று எழுதுவது எல்லா வயதானவர்களையும்தான்.

எல்டர் ஒருவரிடம் பிரார்த்தனைக்கோ ஆலோசனைக்கோ கேட்கப் போகும்போது, பல முதற்குடி (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்) சமூகங்களில் புகையிலை கொடுத்துக் கேட்பது முறை. ஒரு சிட்டிகைப் புகையிலையைச் சிறு துணியில் முடிந்து கொடுப்பார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற நமக்கு இது புரியாத காரியமே இல்லை. ஆனால் இது எல்லோருக்கும் பொதுவானதும் அல்ல. வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்களுக்குப் புகையிலைச் சடங்கு மரபு கிடையாது. தேவாலயம் போகிற சிலரும் விரும்பமாட்டார்கள். உதவிப் பணியாளரிடம் முதலே கேட்டுவிடுங்கள்.

காலம்: இந்தப் படிக்கு மட்டும் ஆறிலிருந்து எட்டுக் கிழமை ஒதுக்குங்கள். செலவு: பஸ் காசும் கொஞ்சம் புகையிலையும்.

2. உங்கள் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பொலிஸ் சரிபார்ப்பு. மூத்தோரோடு பழகும் வேலைக்கு வழமையாகக் கேட்பது "வல்னரபிள் செக்டர் செக்" என்ற விரிவான வகை. சாதாரணச் சரிபார்ப்பை எடுத்துக்கொண்டு போனால் இரண்டாம் முறை அலைய வேண்டும். நான் அலைந்தேன். விண்ணப்பிக்கும் முன், நீங்கள் தன்னார்வலர் என்றும் யாரோடு பழகப் போகிறீர்கள் என்றும் எழுதிய கடிதம் நிறுவனத்திடமிருந்து வேண்டும். தன்னார்வலருக்குக் கட்டணம் வேறுபடும் என்பதால் அந்தக் கடிதத்தில் "தன்னார்வலர்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் பிறந்த திகதியும் பாலினமும் தற்செயலாகப் பழைய குற்றப் பதிவொன்றோடு பொருந்தினால் கைரேகை கேட்பார்கள். உங்கள் மேல் சந்தேகம் என்று பொருளில்லை, கணினி அப்படித்தான் வேலை செய்கிறது. என்னோடு வந்த தம்பி ஒருவர் இதைக் கேட்டுப் பயந்து விலகிவிட்டார். நம்மவர்களில் பலருக்கு ஜனவரி 1 பிறந்தநாளாகப் பதிவாகியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கைரேகை என்றால் கூடுதலாகச் சில கிழமைகள்.

உணவு கையாளும் சான்றிதழ். ஒன்ராறியோவின் உணவுக்கூட விதி 493/17இன்படி, உணவு தயாராகும் நேரம் முழுவதும் பயிற்சி பெற்ற ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். ஒருவர் என்று எழுதியிருந்தாலும் இரண்டு பேர் எடுத்துவிடுங்கள். எங்கள் குழுவில் சான்றிதழ் வைத்திருந்த ஒரே ஆளுக்குக் காய்ச்சல் வந்த அன்று, நறுக்கிய மரக்கறியோடு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். படிப்பு ஒருநாள் வேலை, சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள், வேறு மொழியில் பரீட்சை எழுதலாமா என்று பதியும்போதே கேளுங்கள்.

காப்புறுதி. தனியாளாகப் போய்ச் சமைத்து யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அதனால் தனியாகப் போகாதீர்கள். காப்புறுதி உள்ள ஓர் அமைப்பின் தன்னார்வலராகப் போங்கள். அது பூர்வகுடி அமைப்பாக இருந்தால் இன்னும் நல்லது. கோயில் குழுவாகப் போவதென்றால், உங்கள் காப்புறுதி வெளியிடத்துச் சமையலையும் உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு வாயால் "ஓம்" என்றவர்கள் எழுத்தில் "இல்லை" என்றார்கள்.

3. பொதுச் சமையலறை என்பது உணவுக்கூடம் அல்ல

பெரும்பாலான கட்டடங்களில் ஒரு பொது மண்டபமும் அதன் மூலையில் ஒரு அடுப்பும் குளிரூட்டியும் இருக்கும். குடியிருப்பவர்கள் தங்களுக்குள் சமைத்துச் சாப்பிடுவது வேறு. வெளியாட்கள் ஒழுங்காக வந்து பலருக்குச் சமைப்பது வேறு. இரண்டாவதைத் தொடங்கும் முன் ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவை அழைத்து, என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை பேருக்கு, எங்கே சமைத்து எங்கே பரிமாறுவீர்கள் என்று சொல்லுங்கள். பரிசோதகர் என்றால் பயப்பட வேண்டாம். எங்களுக்கு வந்தவர் கைகழுவத் தனித் தொட்டி எங்கே என்று கேட்டார், இல்லை என்றதும் என்ன செய்யலாம் என்று அவரே வழி சொன்னார்.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். குளிர்ந்தது 4 பாகைக்குக் கீழே, சூடானது 60 பாகைக்கு மேலே. கோழித் துண்டுகளின் உள் வெப்பம் 74, முழுக்கோழி என்றால் 82, மீன் 70. இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி 20 டொலருக்குள் கிடைக்கும். அதை வாங்காமல் "எனக்குக் கண் பார்த்தாலே தெரியும்" என்று சொல்லாதீர்கள். எனக்கும் தெரியும், 30 வருடமாகச் சமைக்கிறேன். பரிசோதகருக்கு அது போதாது.

வேட்டை இறைச்சி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. மூத்தோர் மிகவும் ஆசைப்படுவது மூஸ் என்ற பெரிய மான்வகை, மான், காட்டு வாத்து. வடக்கே இருக்கும் மருமகனோ பேரனோ குளிர்ப்பெட்டியில் கொண்டுவந்து தருவார். தங்கள் வீட்டில் சமைத்துச் சாப்பிட எந்தத் தடையும் இல்லை. பலருக்குப் பரிமாறும் சமையலறையில், அரசுப் பரிசோதனை ஆகாத இறைச்சியைப் பொதுச் சுகாதாரப் பிரிவைக் கேட்காமல் வைக்கவே கூடாது. சிறப்பு விருந்துகளுக்கென்று நிபந்தனையோடு வழி இருக்கிறது. முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, பிறகு சமையுங்கள். ஒருமுறை நான் கேட்காமல் குளிரூட்டியில் வைத்த மூஸ் இறைச்சியை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. கொண்டுவந்த அங்கிள் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

அடுத்தது புகை. சாப்பாட்டுக்கு முன் சிலர் சேஜ், சீடர், ஸ்வீட்கிராஸ் என்ற வாசனைப் புல் போன்றவற்றை எரித்துப் புகை காட்டுவார்கள். நம் சாம்பிராணி மாதிரி. புகைத்தல் தடைச் சட்டம் சடங்குக்கான புகையிலைக்கு விலக்குத் தந்திருக்கிறது. ஆனால் கூரையில் இருக்கும் புகை உணரிக்குச் சட்டம் தெரியாது. தீயணைப்பு வண்டி வீணாக வந்தால் கட்டடத்துக்குக் கட்டணம் விழலாம். எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று முகாமையாளரிடம் முதல்நாளே சொல்லிவையுங்கள்.

4. என்ன சமைப்பது

கேட்டுச் சமையுங்கள். அதற்கு மேல் விதி இல்லை, ஆனால் கேட்பதற்கே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் அனிஷினாபே, க்ரீ, மோஹாக் என்ற முதற்குடியினர், பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெட்டி, இனுயிட் என்று பலர் இருப்பார்கள். யாழ்ப்பாணத்தாரையும் மதுரைக்காரரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து "தமிழ்ச் சாப்பாடு" என்று ஒன்றைப் போட்டால் என்ன நடக்கும்? அதேதான் இங்கும். சோளச் சூப் மோஹாக் ஆன்ட்டிக்கு வீட்டு வாசனை. பக்கத்தில் இருக்கும் இனுயிட் அம்மாவுக்கு அது யாரோ ஒருவருடைய சூப், அவ்வளவுதான்.

எங்களுக்கு எப்போதும் கைகொடுத்தவை இவை. சோளம், அவரை, பூசணி மூன்றும் சேர்ந்த சூப். இந்த மூன்றையும் ஒன்றாகவே நட்டு வளர்த்து "மூன்று சகோதரிகள்" என்று சொல்வார்கள். பானக் என்ற ரொட்டி: மா, பேக்கிங் பவுடர், உப்பு, கொஞ்சம் கொழுப்பு. நம் ரொட்டிக்குக் கை பழகியவர்கள் மாவை அடித்துப் பிசைந்துவிடுவார்கள், அப்போது கல்லாகிவிடும். தொட்டும் தொடாமலும் சேர்க்க வேண்டும். பொரிப்பதை விட அவனில் சுடுங்கள். ஏரி மீன்: வைட்ஃபிஷ், பிக்கரல். முள்ளை இரண்டு தரம் பாருங்கள், பலருக்குப் பல் இல்லை.

காட்டரிசியை அனிஷினாபே மக்கள் மனோமின் என்கிறார்கள். ஏரியில் படகில் போய்த் தட்டி எடுப்பது. அவர்களுக்கு அது வெறும் தானியம் இல்லை. கடையில் கிடைக்கும் பளபளத்த கறுப்பு அரிசி பலவேளை வயலில் விளைந்ததாக இருக்கும், வேக முக்கால் மணி நேரம், சிலவேளை ஒரு மணி நேரம்கூட ஆகும். கையால் எடுத்தது மண்ணிறமாக இருக்கும், சீக்கிரம் வேகும், விலை பல மடங்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று குழைய மற்றது கடிபடும். கையால் எடுத்ததை வாங்கப் பணமில்லாத கிழமையில் சாதாரண அரிசி போடுங்கள். வயல் அரிசியைப் போட்டுவிட்டு மனோமின் என்று மட்டும் சொல்லாதீர்கள். முதல் வாயிலேயே கண்டுபிடிப்பார்கள்.

சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நிறையப் பேர். உப்பைப் பாதியாக்குங்கள், மேசையில் வைத்துவிடுங்கள். நம் தூள் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. ஆறாம் மாதம் ஒரு அங்கிள் தானே கேட்டு, பருப்புக்கறியில் பானக்கைத் தோய்த்துச் சாப்பிட்டார். இப்போது மாதம் ஒருமுறை பருப்பு உண்டு. ஆனால் அது அவர்கள் கேட்டு வந்தது.

இன்னொரு விஷயம், மெதுவாகச் சொல்கிறேன். இந்த வயதினரில் பலர் குழந்தையாக இருந்தபோது குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, அரசும் தேவாலயங்களும் நடத்திய வதிவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டவர்கள். அங்கே பசியும் இருந்தது, கட்டாயப்படுத்தி ஊட்டுவதும் இருந்தது. எனவே "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ" என்று நம் வீட்டில் அன்பாக வற்புறுத்துவது இங்கே வேறு மாதிரிப் போய் விழும். ஒரு தரம் கேளுங்கள், "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். தட்டைப் பார்த்து எதுவும் சொல்லாதீர்கள். வரிசையில் நிற்கவைத்து அகப்பையால் போடுவதையும் நாங்கள் நிறுத்திவிட்டோம். மேசையில் பாத்திரத்தை வைக்கிறோம், முடியாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

செலவு: 25 பேருக்கு ஒரு மதியம் எங்களுக்கு 140இலிருந்து 190 டொலர் வரை போகிறது. மீன் நாள் என்றால் 200ஐத் தாண்டும். பதிவுசெய்த அமைப்பின் கீழ் இருந்தால் வீணாகப் போகும் உணவைச் சேகரித்துக் கொடுக்கும் செகண்ட் ஹார்வெஸ்ட் போன்ற அமைப்பிலிருந்து மரக்கறி, பால் இலவசமாக வரலாம். ஆனால் என்ன வரும் என்று முதல்நாள் வரை தெரியாது. ஒருமுறை எங்களுக்கு வந்தது நாற்பது அன்னாசிப்பழம்.

5. எந்த நாள், எப்படி

இதைச் சரியாகப் பிடிக்க எனக்கு அரை வருடம் ஆனது. ஓஏஎஸ் என்ற முதியோர் ஓய்வூதியமும், சிபிபி என்ற வேலை செய்தவர்களுக்கான ஓய்வூதியமும் மாதக் கடைசியை ஒட்டி, கடைசி மூன்று வேலைநாட்கள் இருக்கும்போது வங்கிக்கு வருகின்றன. காசு வந்த கிழமையில் எல்லோரும் கடைக்குப் போவார்கள், உங்கள் மேசை பாதி காலியாக இருக்கும். அடுத்த காசு வருவதற்கு முந்தைய பத்து நாட்களில் ஒருவர் விடாமல் வருவார்கள். மாதத்துக்கு இரண்டு சாப்பாடுதான் முடியும் என்றால் அந்தப் பத்து நாட்களுக்குள் இரண்டையும் வையுங்கள். மூடியுள்ள பெட்டிகள் கூடுதலாக வாங்கிவையுங்கள். இறங்கி வர முடியாதவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோவார்.

சாப்பிடும் முன் ஒரு சிறு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, இறந்துபோனவர்களுக்கென்று தனியாக வைப்பார்கள். படையல் தெரிந்த நமக்கு இதைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. அந்தத் தட்டை நீங்கள் எடுத்துக் கழுவாதீர்கள். அதை என்ன செய்வது என்பது அவர்கள் முடிவு. பிறகு வயதில் மூத்தவர்களுக்கு முதலில், கடைசியாக உங்களுக்கு. ஆனால் நீங்களும் கட்டாயம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பரிமாறிவிட்டுச் சுவரோடு நிற்பவர்களை யாருக்கும் பிடிக்கவில்லை.

பிரார்த்தனை சொன்ன எல்டருக்குச் சன்மானம் கொடுப்பது வழமை. அன்றே, கையில், உறையில். ஒரு அமைப்பு எங்களுக்கு வழங்கிய காசில் "காசோலை, அடையாள இலக்கத்தோடு, 30 நாளில்" என்று நிபந்தனை இருந்தது. அப்படிக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே "எல்டர் சன்மானம், பணமாக" என்று தனி வரி போட்டுக்கொள்ளுங்கள்.

6. சாப்பாட்டு மேசையில் வெளிவரும் கடிதங்கள்

நான் நினைத்தே பார்க்காதது இது. நாலைந்து மாதம் சேர்ந்து சாப்பிட்ட பிறகு, பையிலிருந்து திறக்காத கடிதங்கள் வெளியே வரும். "இதைக் கொஞ்சம் பார்." பசிக்குக் காரணம் பலவேளை அந்த உறைக்குள்தான் இருக்கிறது.

முதலில் ஜிஐஎஸ். குறைந்த வருமானமுள்ள மூத்தோருக்கு ஓஏஎஸோடு சேர்ந்து வரும் உதவித்தொகை. தனியாக வாழ்பவருக்கு அதன் உச்சத் தொகை மாதம் ஆயிரம் டொலரைத் தாண்டும். ஏப்ரல் 30க்குள் வரிப் படிவம் போட்டால் அது தானாகவே தொடரும். போடாவிட்டால் ஜூலையில் நின்றுவிடலாம். எங்கள் கட்டடத்தில் ஒருவர் ஆகஸ்ட் முழுவதும் எங்கள் சூப்பிலும் பாணிலும்தான் இருந்தார். விசாரித்தால், "நான் ஸ்டேட்டஸ் உள்ளவன், எனக்கு வரி கிடையாது, பிறகு ஏன் படிவம்?" என்றார். ஸ்டேட்டஸ் என்றால் முதற்குடியினராக மத்திய அரசின் பதிவில் இருப்பது. சட்டப்படி சில வருமானங்களுக்கு அவருக்கு வரிவிலக்கு உண்டுதான். ஆனால் வரி கட்டத் தேவையில்லை என்பதும் படிவம் போடத் தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. இந்த ஒரு வாக்கியத்தைப் பெப்ரவரியிலேயே எல்லா மேசையிலும் சொல்லிவிடுங்கள். வருமான வரித் துறையின் தன்னார்வத் திட்டத்தில் நடக்கும் இலவச வரி முகாம் ஒன்றை மார்ச்சில் அந்த மண்டபத்துக்கே வரவழைத்தோம். இரண்டு மாதம் முன்னால் கேட்டால்தான் இடம் கிடைக்கும். முதன்முதலாக ஜிஐஎஸ் விண்ணப்பிப்பவருக்கு, தகுதி இருந்தால் பின்தேதியிட்டு 11 மாதம் வரை கிடைக்கக்கூடும். எனவே "இனிமேல் என்ன" என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, வாடகை. வருமானத்துக்கேற்ற வாடகையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வருமானத்தில் 30 வீதம் கட்டுகிறார்கள். வருடம் ஒருமுறை பரிசீலனைப் படிவம் வரும். அதோடு வரி மதிப்பீட்டுக் கடிதத்தின் பிரதியும் கேட்பார்கள். தவணை தப்பினால் மானியம் போய் முழு வாடகை விழும் ஆபத்து உண்டு. வரிப் படிவம் போடாதவருக்கு அந்த மதிப்பீட்டுக் கடிதமே இருக்காது. ஒரே ஓட்டை, இரண்டு பக்கத்தாலும் ஒழுகுகிறது.

மூன்றாவது, அந்தப் பதிவைக் காட்டும் ஸ்டேட்டஸ் அட்டை. புதுப்பிக்க அரசு கட்டணம் வாங்குவதில்லை, படம் எடுக்கும் செலவு மட்டும். பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும். அட்டை காலாவதியானாலும் பதிவு காலாவதியாகாது. அது தெரியாமல் ஒரு அம்மா மருந்தையே நிறுத்தியிருந்தார். பதிவுள்ள முதற்குடியினருக்கும் இனுயிட் மக்களுக்கும் மருந்து, பல், கண்ணாடி, மருத்துவப் பயணம் ஆகியவற்றுக்கு என்ஐஎச்பி என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. மெட்டி மக்கள் அதில் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக "உங்களுக்கு இலவசம்தானே" என்று சொல்லி நான் ஒருவரைச் சங்கடப்படுத்தியிருக்கிறேன். சாப்பாட்டுக்கும் அந்த அட்டை உதவும்: ஒன்ராறியோவில் கடையில் வாங்கும் சமைத்த உணவுக்கு வரும் 13 வீத வரியில் 8 வீதம் அட்டையைக் காட்டினால் கழியும். காட்டாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அடையாளக் காகிதமே தொலைந்தவர்களுக்கு வரிசை இது: முதலில் பிறப்புச் சான்றிதழ், ஒன்ராறியோவில் பிறந்திருந்தால் சுருக்க வடிவம் 25 டொலர். பிறகு ஒன்ராறியோ படமுள்ள அட்டை, 35 டொலர். அதன் பிறகு மற்றவை. தலைகீழாகப் போனால் ஒவ்வொரு கவுண்டரிலும் திரும்பி வருவீர்கள்.

65 வயதாகாதவர்களும் அங்கே இருப்பார்கள். ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற சமூக உதவிப்பணமோ, ஓடிஎஸ்பி என்ற இயலாமை உதவிப்பணமோ எடுப்பவர் என்றால், சர்க்கரை வியாதி போன்றவற்றுக்கான விசேட உணவுப்படி மாதம் 250 டொலர் வரை உண்டு. படிவத்தை டொக்டரோ நர்ஸ் ப்ரக்டிஷனரோ உணவியல் நிபுணரோ நிரப்ப வேண்டும். பலருக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது, அலுவலகத்தில் தாமாகத் தரவும் மாட்டார்கள்.

எச்சரிக்கை: வாசித்துச் சொல்லுங்கள், கூடவே போங்கள், தொலைபேசியில் காத்திருங்கள். சமூகக் காப்புறுதி இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள், கடிதத்தை உங்கள் கைத்தொலைபேசியில் படம் எடுக்காதீர்கள், வங்கி அட்டையைத் தொடாதீர்கள். கையெழுத்துப் போடும் விஷயம் வந்தால் உதவிப் பணியாளரைக் கூப்பிடுங்கள். அரசு அலுவலர்கள் இவர்களுடைய காகிதத்தில் எழுதியவை பரம்பரையாக இவர்களுக்கு என்ன செய்தன என்று நமக்கும் கொஞ்சம் தெரியும்.

7. உங்கள் சாப்பாடு இல்லாத ஆறு நாட்கள்

211க்கு அழைத்தால் அருகிலுள்ள உணவு வங்கி, வீட்டுக்கு வரும் சாப்பாடு, சவாரி எல்லாம் சொல்வார்கள். குளிக்க, உடுக்க, சமைக்க வீட்டில் ஆள் தேவை என்றால் ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம், இலக்கம் 310-2222, முன்னால் எதுவும் சேர்க்க வேண்டாம். பூர்வகுடி மக்களுக்கென்று அனிஷ்னாபே ஹெல்த் ரொறன்ரோ இருக்கிறது. டொக்டரும் மரபு வைத்தியரும் ஒரே இடத்தில். போக வர நடக்க முடியாதவருக்கு, நகரப் போக்குவரத்தின் வீல்-ட்ரான்ஸ் வண்டிச் சேவைக்கு விண்ணப்பம் போடுங்கள், மருத்துவரின் பகுதி ஒன்று உண்டு, அதை முன்பே நிரப்பி வாங்குங்கள்.

உணவு வங்கிப் பெட்டியில் டின் அதிகம். டின் திறக்க முடியாத கை, உப்பு கூடாத உடம்பு. நாங்கள் புதன்கிழமைகளில் அரை மணி நேரம் முன்னால் போய், டின் அவரையைக் கழுவி உப்பை இறக்கிச் சிறு பெட்டிகளில் போட்டுக் கொடுக்கிறோம். மின்சாரத்தில் ஓடும் டின் திறப்பான் ஒன்று மண்டபத்தில் நிரந்தரமாக வைத்தோம், 28 டொலர். இந்த வருடம் செலவழித்ததிலேயே அதிகம் பாராட்டு வாங்கிய பொருள் அதுதான்.

8. இடைவெளியும் விலகலும்

ஜூலை, ஆகஸ்டில் தன்னார்வலர்கள் காணாமல் போவார்கள். கலியாணம், ஊர்ப் பயணம், கோயில் திருவிழா. ஜிஐஎஸ் நின்றுபோகும் மாதங்களும் அவைதான். ஆட்களைக் கோடைக்கென்று தனியாகச் சேர்த்துவையுங்கள், அல்லது முடியாது என்று ஜூன் மாதமே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒரு கிழமை வராமல் இருப்பதை விட, இரண்டு மாதம் வரமாட்டோம் என்று சொல்வது மேல்.

கட்டடத்தில் ஒருவர் இறந்தால் அந்தக் கிழமை வழமையான சாப்பாடு நடக்குமா, விருந்தாக மாறுமா, நிறுத்தப்படுமா என்பதைக் குடும்பமும் எல்டரும் சொல்வார்கள். நீங்கள் ஒரு பானை தேத்தண்ணியோடு போய்ப் பின்னால் இருங்கள். பாத்திரம் கழுவ ஆள் எப்போதும் தேவை.

நீங்கள் வேலை மாறியோ வீடு மாறியோ போகும்போது கையளிக்க வேண்டியவை: சமையலறைச் சாவி, வெப்பமானி, குளிரூட்டி வெப்பம் எழுதிய கொப்பி, யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்ற பட்டியல், மீன் கடைக்காரரின் இலக்கம். இதை ஆறு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். முதல் இரண்டு கிழமை புதியவர் பக்கத்தில் நிற்பார், அடுத்த இரண்டில் நீங்கள் நிற்பீர்கள். கடைசி இரண்டு கிழமை நீங்கள் விருந்தாளி, கரண்டியைத் தொடாதீர்கள். பானக் கல்லாக வந்தாலும் சாப்பிடுங்கள்.